மவுத் கார்டு போட்டால் பாட்டு கேட்கவில்லையாம்

நேற்று தாடிக்கொம்பில் மேட்ச்...

என் மகள் காவ்யா கபடி ஆடுகிறாள். பத்தாம் வகுப்பு.

பல்லுக்கு மாட்டுகிற மவுத் கார்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். வெந்நீரில் போட்டுக் கடிக்க வைத்தால் பல்லில் அப்படியே உட்காரும். (ரசம் வைக்கிற பாத்திரத்தில்தான் போட்டேன். வேறு பாத்திரம் இல்லை!)

முதல் ரைடு. அதை மாட்டிக்கொண்டுதான் போனாள்.

எதிர் டீம் பிள்ளைகள் சிரித்தார்கள்.

"ஏ புள்ள, வாயில என்னடி, பணியாரமா?"

ரெப்ரி விசில் அடித்துவிட்டார்.

"கபடி கபடின்னு பாடணும்மா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. அவுட்!"

"பாடுனேன் சார்!"

"கேக்கலைங்கிறேன். போ வெளியே!"

அவள் அப்பா இருந்திருந்தால் நேரே சண்டைக்குப் போயிருப்பார். அவர் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. நான் கோட்டுக்கு வெளியிலேயே நின்றேன்.

மறுபடி உள்ளே கூப்பிட்டதும் கார்டைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"வேணாம்டி தாயி, போட்டுக்க."

"பாட்டு கேக்கணும்மா. விடு, வாரேன்."

கணீரென்று பாடிக்கொண்டு போனாள். ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போது இன்னொருத்தியின் முழங்கால் வாயில் இடித்தது.

பாயிண்ட் எங்களுக்குத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். எழுந்தவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம்.

மேல் வரிசையில் முன்பல் இரண்டும் போய்விட்டது. மண்ணைக் கிளறி ஒன்றுதான் எடுத்தோம். அதையும் திரும்ப வைக்க முடியவில்லை.

பல் டாக்டர் கேட்டார், "ஏம்மா, கார்டு போட்டு ஆட விடக்கூடாதா?"

"போட்டா அவுட்டுங்கிறாங்களே டாக்டர்!"

அவர் மறுபடி அவள் வாய்க்குள் விரலை விட்டு அசைத்துப் பார்த்தார். கடைசியில், "பக்கத்துப் பல்லும் ஆடுது. இன்னொரு இடி தாங்காது" என்றார்.

வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தேன்.

"மிச்சப் பல்லும் போயிருமேடி. இந்த ஞாயித்துக்கிழம மட்டும் போகாத."

"அன்னைக்குத்தாம்மா மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறாங்க."

"அப்ப அந்தக் கார்டையாச்சும் போட்டுக்க."

"போட்டா அவுட்டும்பாங்க. இம்புட்டு நாள் ஆடுனது எதுக்கு?"

துண்டால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். கூப்பிட்டால் திரும்புவதில்லை.

கபடி ஆடுகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இங்கே இருப்பீர்கள். அதை மாட்டிக்கொண்டும் சத்தமாகப் பாட முடிகிற மாதிரி ஏதாவது கிடைக்கிறதா? உங்கள் ஊரில் ரெப்ரிகள் என்ன செய்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள். அவளை நிறுத்த என்னால் ஆகவில்லை.