மாற்றியதாகச் சொன்ன குழாய்

அன்று அந்தச் சர்வீஸ் சென்டரில் அப்பா இருந்தார், மாமா இருந்தார், நான் இருந்தேன். கழுத்தில் அட்டை மாட்டிய மேலாளர் ஒருவர் இருந்தார். சாட்சி சொல்ல வேண்டிய அம்மா இல்லை. எங்கள் வேனில் வேலை செய்ததாகச் சொல்லப்பட்ட மெக்கானிக்கும் இல்லை. அந்த மனிதரை இன்றுவரை நான் பார்த்ததில்லை. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீலச் சீருடையில் நாலைந்து பேர் நடமாடினார்கள்; அவர்களில் எவரோ. எங்களிடம் பேசுவதற்கு ஒருவரையும் வேலை செய்வதற்கு வேறொருவரையும் வைத்திருந்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில் நம் கண்ணில் படாதபடி பார்த்துக்கொண்டார்கள்.

கார் வாங்கும் நண்பர்கள் இப்போது என்னிடம் கேட்பதுண்டு, வாங்கிய கம்பெனியிலேயே சர்வீசுக்கு விடலாமா, காசு கொடுத்தால் ஒழுங்காகச் செய்வார்களா என்று. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருக்கும் என்று ஒரு நினைப்பு அவர்களுக்கு. நிதானமாகப் பதில் சொல்லத்தான் பார்க்கிறேன். முடிவதில்லை. எங்கள் வேன் கதையைத்தான் ஆரம்பிக்கிறேன்.

அந்த வேன் அப்பா வாங்கிய முதல் புது வண்டி. அதற்கு முன் அவர் ஓட்டியதெல்லாம் மற்றவர்களின் லாரி. கடன் எடுத்து வேனை வாங்கி, சிராங்கூன் சாலையில் ஓர் உணவகத்தின் கேட்டரிங் சாப்பாட்டைக் கல்யாணங்களுக்கும் கோயில்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். வேன் ஓடினால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும் என்பது பள்ளிச் சிறுவனான எனக்கே தெரிந்திருந்தது.

சர்வீசுக்கு விடும் நாளில் அப்பா தேய்த்த சட்டை போடுவார். வேறு எங்கும் வேனைக் காட்ட மாட்டார். அம்மாவின் தம்பியான என் மாமா துவாஸ் தொழிற்பேட்டையில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர். பேச்சில் எங்கள் ஊர் 'லா' ஒட்ட, அவர் விடாமல் கிண்டல் செய்வார்.

"எதுக்கு மச்சான் அங்க போய் அழுறீங்க? காக்கி புக்கிட்ல என் கூட்டாளி வொர்க்‌ஷாப் இருக்கு லா. பாதிக் காசுல முடிச்சுடுவான்."

"வாரண்டி போயிடும் மாப்ள."

வாரண்டி என்ற சொல்லை அப்பா சாமி பேரைச் சொல்வதுபோல் சொல்வார்.

"வாரண்டியாம் வாரண்டி. அங்க ஓசி காபி குடிக்கத்தானே போறீங்க?"

அது முழுப் பொய்யும் இல்லை. குளிரூட்டிய கூடம், தோல் சோபா, பெரிய மீன்தொட்டி, பொத்தானை அழுத்தினால் காபியும் மைலோவும் ஊற்றும் இயந்திரம். அங்கே உட்காரும்போது அப்பா வண்டியோட்டியாகத் தெரிய மாட்டார், முதலாளியாகத் தெரிவார். அந்த இடத்தை அவர் நம்பியதற்கு அந்தச் சோபாவும் ஒரு காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருட ஆயுத பூஜைக்கு அம்மா வேனுக்குப் பொட்டு வைத்தாள். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கார் நிறுத்துமிடத்தில், கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமுமாக. ஸ்டீரிங்கில் வைத்தாள், நான்கு சக்கரத்திலும் வைத்தாள், கண்ணாடியில் வைத்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "சீட்டத் தூக்குங்க" என்றாள். எங்கள் வேனில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருக்கும்.

"உள்ள எதுக்கு? யாரு பாக்கப் போறா?"

"யாரு பாக்கணும்? உள்ள இருக்கிறதுதானே ஓடுது. வெளிய இருக்கிறதுக்கு மட்டும் வச்சா அது கோவிச்சுக்காதா?"

அப்பா சிரித்துக்கொண்டே சீட்டைத் தூக்கினார். அம்மா பேட்டரிக்கு ஒன்று வைத்தாள். எஞ்சினிலிருந்து ரேடியேட்டருக்குச் சுடுதண்ணீர் போகும் தடித்த கறுப்பு ரப்பர் குழாய் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. அதற்கும் ஒன்று.

தீபாவளி முடிந்து, பள்ளி விடுமுறை தொடங்கிய வாரத்தில் வேனை சர்வீசுக்கு விட்டோம். கவுண்டரில் இருந்தவர் வந்து, அந்த ரப்பர் குழாய் உப்பியிருக்கிறது, மாற்றியே ஆக வேண்டும், ஓடும்போது வெடித்தால் எஞ்சினே போய்விடும் என்று சொன்னார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆபத்து என்னவென்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களே அவர்கள்தான். குழாய் தேய்மானக் கணக்கில் வருவதால் வாரண்டியில் சேராதாம். நூற்று எண்பது வெள்ளி, எங்கள் ஊர் டாலர். அப்பா மறுபேச்சுப் பேசாமல் கட்டினார். மாலையில் சாவியைக் கொடுத்து, மாற்றியாகிவிட்டது, கவலை வேண்டாம் என்றார்கள். அப்பா நன்றி சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈசூனில் ஒரு கல்யாணம். நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு. இறக்கி வைக்க மாமா கூட வந்தார். விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில், எஞ்சின் மேல் என் இடம். விரைவுச்சாலையில் போகும்போது கீழேயிருந்து சூடு ஏறியது. பின்னால் இருந்த சாம்பார் வாசனையை மீறி, தித்திப்பாக, கருகினாற்போல் ஒரு வாடை. அப்பா வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தார். மாமாவும் எட்டிப் பார்த்தார். முகூர்த்தம் முடிந்து பந்தி போடும் நேரம் நெருங்கியிருந்தது. அப்பா ஏசியை அணைத்தார், ஜன்னலை இறக்கினார், ஓட்டினார். மண்டபத்து வாசலில் கொண்டுபோய் நிறுத்தியதும் வேன் ஒருமுறை குலுங்கி, தானே அணைந்தது. சீட்டிலிருந்து நான் குதித்த இடத்தில் புகை வந்தது.

முதலில் சாப்பாட்டை இறக்கினார்கள். கடைசிப் பாத்திரம் உள்ளே போன பிறகுதான் அப்பா சீட்டைத் தூக்கினார். ஆவி அடங்கியதும் மூவரும் குனிந்து பார்த்தோம். ரப்பர் குழாய் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. பிளவுக்குப் பக்கத்தில், காய்ந்து வெடித்து, செங்கல் நிறத்தில் ஒரு வட்டம்.

"அப்பா, அம்மா வச்ச பொட்டு," என்றேன்.

உள்ளே நாதஸ்வரம் ஓய்ந்து, பந்திக்கு வரச்சொல்லி மைக்கில் கூப்பிட்டார்கள்.

அந்தக் குழாயை மாற்ற இரண்டு பட்டைகளைத் தளர்த்த வேண்டும், பழையதை உருவ வேண்டும், புதியதைச் செருகி இறுக்க வேண்டும். மாமாவின் காக்கி புக்கிட் கூட்டாளி பிறகு சொன்னார், டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை என்று. அதைக்கூடச் செய்யவில்லை. ஒரு துணியால் துடைத்திருந்தால்கூடப் பொட்டு போயிருக்கும். நாங்கள் ஏமாந்ததே தெரியாமல் இருந்திருப்போம். எங்களை ஏமாற்றுவதற்குக்கூட மெனக்கெட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. இவன் எங்கே சீட்டைத் தூக்கிப் பார்க்கப் போகிறான் என்ற அலட்சியம். அந்தத் திருட்டைவிட அந்த அலட்சியம்தான் இன்றும் என்னைக் கொதிக்க வைக்கிறது.

வேனை இழுத்துக்கொண்டுபோய் அதே சர்வீஸ் சென்டரில் விட்டார்கள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். எஞ்சினின் மேல்பாகம் சூட்டில் வளைந்துவிட்டதாம், கழற்றிச் சீர்செய்ய வேண்டுமாம். அந்தச் செலவை யார் ஏற்பது? கம்பெனியா, அப்பாவா? அதைப் பேசத்தான் மூவரும் போனோம். அம்மாவும் வருகிறேன் என்றாள். "நீ வந்தா சண்டை போடுவ," என்று அப்பா தடுத்துவிட்டார். மரியாதையாகப் பேசினால் மரியாதையாக நடத்துவார்கள் என்று அவர் நம்பினார். அன்றும் தேய்த்த சட்டைதான்.

மேலாளர் குழாயை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். தங்கள் மெக்கானிக்குகள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள் என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். அப்பா குழாயைக் காட்டினார்.

"யூ சே சேஞ்ச். ஐ பே. நெவர் சேஞ்ச்."

மேலாளர் பொட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெயிண்டா என்று கேட்டார்.

"பிரேயர் லா பாஸ், பிரேயர்!" என்றார் மாமா.

இதை யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பூசியிருக்கலாமே என்றார் மேலாளர். அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், கேட்போம் என்றார் அப்பா. அவர் வேலையாக இருக்கிறார், வாடிக்கையாளர்கள் உள்ளே போக அனுமதி இல்லை என்று பதில் வந்தது. அப்போது மாமா தன் துவாஸ் ஆங்கிலத்தில் ஒரு போடு போட்டார்: மாற்றவில்லை என்றால் நீங்கள் திருடர்கள், மாற்றினீர்கள் என்றால், உங்கள் புதுக் குழாய் ஒரே வாரத்தில் வெடித்திருக்கிறது. இரண்டில் எது வேண்டும், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் பேனாவை மூடி வைத்தார். ஒரு நிமிடம் என்று சொல்லி எழுந்து உள்ளே போனார். மாமா என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

மேலாளர் திரும்பி வந்தபோது கூட ஓர் அண்ணன் வந்தார். புதுக் கார் விற்கும் மாடியிலிருந்து இறங்கி வந்தவர். டை கட்டியிருந்தார், நெற்றியில் மெல்லிய திருநீற்றுக் கோடு.

"வணக்கம் அண்ணே. சாப்டீங்களா?"

அப்பாவின் தோள் இறங்கியது. அதுவரை அவர் எவ்வளவு விறைப்பாக உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அட, நம்மாளா? எந்த ஊரு தம்பி?"

"நான் பொறந்தது இங்கதாண்ணே. அப்பாவுக்கு மன்னார்குடி பக்கம்."

"நமக்குத் திருவாரூர் லா!"

அண்ணன் குழாயை இரண்டு கையாலும் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். "ஆயுத பூஜைப் பொட்டு. எனக்குத் தெரியாதாண்ணே? எங்கம்மா என் மோட்டார்சைக்கிள் செயின்லயே வைப்பாங்க," என்றார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தக் கட்டடத்தில் அது என்னவென்று தெரிந்த ஒரே ஆள் வந்துவிட்டார். முடிந்தது வழக்கு.

"அன்னிக்கு என்ன நடந்துச்சு? முழுசா சொல்லுங்கண்ணே. நான் இவங்ககிட்ட பேசிடுறேன்."

ஆங்கிலத்தில் மூன்று மூன்று சொல்லாகப் பேசிக்கொண்டிருந்த அப்பா, மடை திறந்தாற்போல் பேசினார். கல்யாணம், நானூறு பேர், கீழேயிருந்து வந்த சூடு, எதையும் விடவில்லை.

"முள்ளு செவப்புக்கு வந்துடுச்சு தம்பி. பாத்தேன். ஆனா பந்தி நேரம். சாப்பாட்ட நடுரோட்டுல நிறுத்த மனசு வருமா?"

மேசைக்கு அடியில் மாமா தன் காலால் அப்பாவின் காலை அழுத்துவதைப் பார்த்தேன்.

"கால எடு மாப்ள, மிதிக்கிற," என்று சொல்லிவிட்டு அப்பா தொடர்ந்தார்.

"செவப்புக்கு வந்தப்புறம் எவ்வளவு நேரம் ஓட்டினீங்கண்ணே?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"பத்து நிமிஷமா! பெரிய மனசுண்ணே உங்களுக்கு. வேற யாராச்சும்னா விட்டுட்டுப் போயிருப்பான்."

அப்பா கூச்சத்தோடு சிரித்தார். நானும் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அண்ணன் மேலாளர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் இரண்டே வாக்கியம் சொன்னார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. வகுப்பில் ஆங்கிலத்தில் நான்தான் முதல். வாடிக்கையாளர் எச்சரிக்கையைப் பார்த்திருக்கிறார். பார்த்த பிறகும் பத்து நிமிடம் ஓட்டியதாக அவரே சொல்கிறார். மேலாளர் தலையாட்டிக் குறித்துக்கொண்டார். குழாய் எப்படி வெடித்திருந்தாலும் சரி, சிவப்பைப் பார்த்ததும் நிறுத்தாதது ஓட்டியவர் தவறு, எஞ்சின் செலவு வாரண்டியில் வராது என்று அவர் சொல்லத் தொடங்கினார்.

நான் மாமாவின் சட்டையை இழுத்தேன். "மாமா, அந்த அண்ணன் பொட்டப் பத்தி சொல்ல மறந்துட்டாரு. நான் ஞாபகப்படுத்தவா?"

மாமா என்னைப் பார்க்கவில்லை. "நீ போய் மைலோ எடுத்துக் குடி," என்றார்.

அந்த அண்ணன் வாசல்வரை வந்து, அப்பாவின் கையை இரண்டு கையாலும் பிடித்து வழியனுப்பினார். "என்னால முடிஞ்சதப் பேசினேண்ணே," என்றார். பேருந்தில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, "நல்ல பையன், பாவம், அவன் என்ன பண்ணுவான்," என்றார். மாமா எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார். அவர் அப்பாவிடம் சரியாகப் பேசாமல் இருந்த அந்தச் சில வாரங்களில், மாமாவுக்கு ஏன் அந்த அண்ணன் மேல் பொறாமை என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அவ்வளவு நேரம் இங்கிலீஷ்ல பேசினவங்க, திடீர்னு தமிழாள எதுக்குக் கூட்டிட்டு வந்தாங்க?" அப்பா சட்டையைக் கழற்றி மாட்டினார். நான் சொன்னேன், "நமக்கு உதவி செய்யத்தாம்மா."

நல்லெண்ணத்தின் பேரில் புதுக் குழாயை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்கள். எஞ்சினுக்கும், அது சரியாகும்வரை அப்பா ஓட்டிய வாடகை வேனுக்கும் சேர்த்து அப்பாவுக்கு ஆனது ஆறாயிரத்து நூற்று நாற்பது வெள்ளி.