மதகைத் திறக்கச் சொன்னவர்கள்

வாசுகி அக்கா இல்லை. இன்று காலை, சிதம்பரத்தில், வீட்டிலேயே... மாரடைப்பு.

உங்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது. கதை ஆப்பில் ‘உவர்நாடு’ தொடரை எழுதிய ‘கொள்ளிடத்தாள்’ என்றால் தெரியும். அது அவர்தான். கடலூரில் ஒரு ஜவுளிக்கடை ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை.

அரசிகள், படைகள், பேசும் கழுகு, கடலுக்கடியில் தூங்கும் அரக்கன்... அத்தனையும் நாங்கள் தினமும் ஒன்றாகப் போய்வந்த சிதம்பரம் - கடலூர் பஸ்ஸில், போனில், ஒற்றைக் கட்டைவிரலால் எழுதியது. ஏறியதும் கைப்பையைத் தூக்கி என் மடியில் வைத்துவிடுவார். புதுச்சத்திரம் வருவதற்குள் ஒரு கோட்டையாவது விழுந்திருக்கும்.

கண்டக்டருக்குக்கூடத் தெரியும். “இன்னிக்கு யாரு காலிக்கா?” என்பார்.

“மொதல்ல டிக்கெட்டக் கிழி. இல்லன்னா நீதான்.”

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. கதையில் யாராவது பெரிய முடிவு எடுக்க வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, வாசகர்களிடம் ஓட்டெடுப்பு வைப்பார். ஓட்டு எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் கதை போகும். அப்புறம் யார் கெஞ்சினாலும் மாற்ற மாட்டார். “மை வெச்சாச்சி, இனிமே அழிக்க முடியாது” என்பார்.

வாசகர்களுக்கு அது விளையாட்டு. அக்காவுக்கு இல்லை. எல்லாம் கெட்டது இங்கேதான்.

அரசி நன்முகை ஏரி மதகைத் திறந்துவிட்டு எதிரிப் படையை மூழ்கடிக்கலாமா, வேண்டாமா? இதுதான் அந்த வாரக் கேள்வி.

‘திற’ என்றுதான் ஓட்டு குவிந்தது. நெருப்பு எமோஜியாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் ‘வேண்டாம்’ போட்டேன். பெரிய ஞானம் எல்லாம் இல்லை... அரசியின் தங்கை தாமரை பிரசவத்துக்காக அந்த ஏரிக்குக் கீழே ஒரு கிராமத்துக்குப் போயிருக்கிறாள் என்று முன்னாடியே படித்தது ஞாபகம் இருந்தது. அவ்வளவுதான்.

அரசி திறந்தாள். எதிரி அழிந்தான். வாசகர் குரூப் முழுக்க மீம்ஸ், கொண்டாட்டம்.

அக்கா குமராட்சிப் பக்கம் பிறந்தவர். கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் எந்தத் தெருவில் முதலில் ஏறும், எந்த வயலில் கடைசி வரை வடியாது என்று பார்த்தே வளர்ந்தவர். அவர் கதையிலும் தண்ணீர் வடியவில்லை. விதைநெல் அழுகியது. ஜெயித்துத் திரும்பிய வீரர்களுக்கு வீடு இல்லை. பல அத்தியாயம் கழித்து, கைக்குழந்தையோடு ஒரு மேட்டில் ஒதுங்கியிருந்த தாமரை, தேங்கிய அந்தத் தண்ணீரைக் குடித்து, காய்ச்சல் கண்டு செத்துப்போனாள்.

ஐயோ... அன்றைக்கு ஆரம்பித்தது.

“வீட்ல புருஷன்கூட சண்டையா மேடம்?” “சமையல் குறிப்பு எழுதுங்க, போர் எல்லாம் உங்களுக்கு எதுக்கு?” இன்னும் இங்கே எழுத முடியாதவை. கதையில் ஒருத்தி செத்ததற்கு, நிஜத்தில் இருக்கிற ஒருத்தியைக் குதறினார்கள். அத்தனை பேரும் ‘திற’ என்று ஓட்டுப் போட்டவர்கள். ஒருத்தருக்கும் அது நினைவில்லை.

ஆப்காரர்கள் போன் செய்தார்கள். தாமரையை உயிரோடு கொண்டுவந்து மாற்றித் தரச் சொன்னார்கள். எல்லாம் அரசி கண்ட கனவு என்று வைத்துவிடலாமே என்று யோசனை வேறு.

மறுநாள் பஸ்ஸில் அக்கா கேட்டார். “நானா கொன்னேன் ஜெனி? தண்ணி எங்க போவும்னு நானா முடிவு பண்றேன்? பள்ளம் எங்க இருக்குதோ அங்கதான் போவும். அத மாத்தி எழுதுனா எங்க ஊரு சனம் சிரிக்காதா?”

மாற்றவில்லை. ரேட்டிங் விழுந்தது. முதல் பக்கத்திலிருந்து தொடரைத் தூக்கினார்கள். கடைசி பாகம் மட்டும் பாக்கி இருந்தபோது, அக்கா எழுதுவதையே விட்டுவிட்டார்.

அப்புறம் பஸ்ஸில் பையை என்னிடம் கொடுக்கவே இல்லை. தன் மடியிலேயே வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வருவார். திட்டினவர்களைக்கூட விடுங்கள்... எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ஒரே ஒரு நாள். சாயங்காலம் திரும்பும்போது ரயில்வே கேட்டில் பஸ் நின்றது. நான் கேட்காமலேயே முடிவைச் சொன்னார். கடைசி பாகத்தில் நன்முகை என்ன செய்வாள் என்று, முழுசாக. கேட் திறந்து பஸ் கிளம்பிய பிறகும் சொல்லிக்கொண்டே வந்தார். நான் அழுதுவிட்டேன்.

முன் சீட்டில் மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த கிள்ளை ஊர்க்கார அம்மா பதறிப்போய்த் திரும்பினார். “யாரும்மா செத்தது?”

“இன்னும் யாரும் சாவல” என்றார் அக்கா. ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் சிரித்தார்.

இன்று குரூப்பைத் திறந்தால் RIP, RIP, RIP. ஒற்றை ஸ்டார் போடச் சொல்லி ஊரெல்லாம் லிங்க் அனுப்பின அதே மனுஷன், ‘தமிழ் ஃபேன்டசியின் தாய்’ என்று மெழுகுவத்தி படத்தோடு போஸ்டர் போட்டிருக்கிறார். அக்காவின் போட்டோ கிடைக்கவில்லையாம். கூகுளில் எடுத்த யாரோ ஒரு பெண்ணின் படம்.

மதியம் அங்கேயே ஒரு ஓட்டெடுப்பு. ‘உவர்நாட்டின் முடிவு எப்படி இருக்கலாம்?’ தாமரை பிழைத்து வருவதுதான் முந்திக்கொண்டு இருக்கிறது. அக்கா இன்னும் ஐஸ் பெட்டியில் இருக்கிறார். அதற்குள்.

இன்பாக்ஸிலும் வந்துவிட்டார்கள். “நீங்க அவங்க ஃப்ரெண்டாமே... எண்டிங் ஏதாவது சொன்னாங்களா சிஸ்டர்?”

சொன்னார்.

உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

அக்கா... பையை இப்படிக் குடுங்க. நான் வெச்சிக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க.