ஸ்வெட்டரம்மாவின் நிழல் வழி

அந்தப் பெருநகரத்தில் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு நாளில் வந்து இறங்கியபோது அவள் ஸ்வெட்டர் போட்டிருந்தாள். பைத்தியம் ஒன்றும் இல்லை. ரயில் ஏறிய ஊரில் பல் கிடுகிடுத்தது, துணிப்பெட்டியில் இடம் இல்லை, அதனால் மேலே மாட்டிக்கொண்டு கிளம்பினாள். வழியில் ரவிக்கையின் முதுகுத் தையல் விட்டுப்போனது. அதன் பிறகு ஸ்வெட்டரைக் கழற்ற எந்த மானமுள்ள பெண்ணுக்கும் மனம் வராது. ரயிலடியிலிருந்து நேராகத் தபால் நிலையத்துக்குப் போய், வேர்வை சொட்டச் சொட்ட, வேலையில் சேர்ந்ததற்குக் கையெழுத்துப் போட்டாள். அத்தோடு அவளுடைய சொந்தப் பெயர் பதிவேட்டிலேயே தங்கிவிட்டது. ஆபீசுக்கு அவள் ஸ்வெட்டர். மரியாதை தெரிந்தவர்களுக்கு ஸ்வெட்டரம்மா.

வயது முப்பத்தொன்பது. தேர்வெழுத அனுமதி உள்ள கடைசி வருஷத்தில் எழுதி, தபால் பட்டுவாடா வேலைக்குத் தேறியிருந்தாள். அதற்கு முன் பதினைந்து வருஷம் அண்ணன் வீட்டில் சமையல், துவையல், அண்ணன் பிள்ளைகளின் வீட்டுப்பாடம். அண்ணன் நல்லவர். அதுதான் தொந்தரவே. கெட்டவராக இருந்திருந்தால் கதவை அறைந்து சாத்திவிட்டு வந்திருக்கலாம். இவரோ வாசல்வரை பெட்டியைத் தூக்கி வந்து, தலையைத் தடவி, "போய்ட்டு வாம்மா. அந்த வெயில் உனக்கு ஒத்துக்காது. ரெண்டு மாசத்துல திரும்பி வந்துடுவே பாரு. உன் ரூமை அப்படியே பூட்டி வைக்கிறேன்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அந்தப் பூட்டிய அறை நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. ரெண்டு மாசம் என்பது அவளுடைய தகுதிகாண் காலமும்கூட. அது முடியும் நாளில் மேற்பார்வையாளர் கூடவே நடந்து வந்து பார்ப்பார். தேறினால் வேலை நிரந்தரம். தவறினால் அந்த அறை, அந்த அடுப்பு, வருகிறவர் போகிறவரெல்லாம் "நாங்க அப்பவே சொன்னோமே" என்று உச்சுக்கொட்டும் கூடம்.

தங்கியது மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஓர் அறை. கூட இருந்தவள் ஒரு நர்ஸ், இவளைவிடப் பத்து வயது சின்னவள், நகரத்திலேயே பிறந்து வெயிலிலேயே வெந்தவள். முதல் நாள் நண்பகலில் குழாயைத் திறந்தால் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வந்தது. ஸ்வெட்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்பு பற்றவைக்காமல், விறகு ஊதாமல் வெந்நீர்! ரெண்டு வாளி பிடித்து ஆசை தீரக் குளித்துவிட்டு, வெந்த கிழங்காக வெளியே வந்து நின்றாள். நர்ஸ் அவளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, இங்க மத்தியானம் குளிக்கிறதுக்குப் பேரு குளியல் இல்லை, அவியல். காலையிலயே வாளியில பிடிச்சு வச்சு, ஈரத்துணி போட்டு மூடிடணும். தலையை மூடாம வெளிய போகாதீங்க. தாகம் எடுக்கறதுக்கு முன்னாடியே தண்ணி குடிங்க. அப்புறம், மத்தியானம் ரெண்டு மணிக்கு யாரோடயும் பேச்சு வச்சுக்காதீங்க. அந்த நேரத்துல சொந்தப் புருஷனே எதிரியாத் தெரிவான்."

"எனக்குத்தான் புருஷனே இல்லையே."

"கொடுத்து வச்சவங்க" என்றாள் நர்ஸ்.

இத்தனை புத்திமதியும் அவள் காலுக்கு எட்டவில்லை. குளிர் ஊர்க்காரர்களின் கால் ஒரு தினுசானது. தெருவில் இறங்கியதும் வெயில் எந்தப் பக்கம் என்று பார்த்து, தானாக அங்கே போய்விடும். பிறந்ததிலிருந்து பழகிய கால், முப்பத்தொன்பது வயதில் யார் சொல்லிக் கேட்கும்? இங்கே சனங்கள் தெருவின் ஒரு ஓரத்தில், ஒரு முழ அகல நிழலில், ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு எறும்பு வரிசையாகப் போனார்கள். எதிர்ப்பக்கம் அகலமாக, பளபளவென்று, காலியாகக் கிடந்தது. 'இவ்வளவு நல்ல இடம் இருக்க, என்ன சனங்களோ' என்று வியந்தபடி அவள் தபால் பையை மாட்டிக்கொண்டு நட்டநடு வெயிலில் ராணி மாதிரி நடந்தாள். மூன்றாம் நாள், முடிதிருத்தும் கடை வாசலில் ராணி சுருண்டு விழுந்தாள்.

முடிதிருத்துகிறவர் ஓடி வந்து, வாடிக்கையாளர் தலைக்குத் தண்ணீர் பீச்சும் பாட்டிலால் அவள் முகத்தில் பீச்சினார். கண் விழித்ததும் கேட்டார்:

"ஏம்மா, எதிர்ல நிழல் இருக்கே, கண்ணுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுதே. இந்தப் பக்கம் வெயில் இருந்துது, அதான் இங்க வந்தேன்."

அவர் இன்னும் நாலு தரம் பீச்சினார்.

அது மட்டும் என்றால் பரவாயில்லை. அவளுக்குக் கொடுத்திருந்த பகுதி பத்தொன்பது சந்துகள், இருநூறு வாசல்கள். எல்லாச் சந்தும் ஒரே அச்சு. ஒரே காரை உதிர்ந்த சுவர், ஒரே பச்சைக் கம்பிக் கதவு. பெயர்ப்பலகைகள் இருந்தன, பல வருஷத்துச் சுவரொட்டிகளுக்கு அடியில். நுழைந்த சந்திலேயே திரும்ப நுழைவாள். கொடுத்த வீட்டிலேயே மணியடித்துத் திருதிருவென்று விழிப்பாள். ஒரு மணிக்கு முடிக்க வேண்டிய சுற்று மூன்று மணிக்கு முடிந்தது. மேற்பார்வையாளருக்கு ஆபீசில் நிமிஷம் என்று பட்டப்பெயர். எதையும் நிமிஷக் கணக்கில்தான் பேசுவார். "ஏம்மா, நூத்தியிருபது நிமிஷம் லேட்டு" என்பார், முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல்.

விழுந்த மறுநாள் பை கனக்க ஒரு முனையில் நின்றபோதுதான் அவளுக்கு அது பளிச்சென்று பட்டது. ஊரில் எந்தச் சுவரில் எந்த நேரம் வெயில் விழும் என்று அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். பதினைந்து வருஷம் ஒரு பெரிய குடும்பத்தின் ஈரத்துணியை அரை மணிக்கு ஒரு கொடி மாற்றி மாற்றிக் காயப்போட்டவள் அவள். வெயிலைத் துரத்தத் தெரிந்தவளுக்கு நிழலைத் துரத்தத் தெரியாதா? அதே கணக்கு, திருப்பிப் போட்டால் போதும்!

அவ்வளவுதான், தலைகால் புரியவில்லை அவளுக்கு. ஒரு வாரம் பித்துப்பிடித்தவளாகச் சந்து சந்தாக நிழலை வேவு பார்த்தாள். பத்து மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் முடிதிருத்தும் கடைப் படிக்கு வந்துவிடும். அது படியிறங்கும் நேரம் தையல்காரம்மா வீட்டுச் சந்தில் மூன்று மாடிக் கட்டடம் தன் நிழலை விரிக்கும். பதினொன்றரைக்கு ஓய்வுபெற்ற வாத்தியார் வீட்டு மதில். பன்னிரண்டுக்கு நிழல் காலடியில் சுருண்டுகொள்ளும்போது, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய அந்த ஒடுக்கச் சந்துகளுக்குள் புகுந்துவிடலாம். கதவு எண்ணாவது வரிசையாவது. அறுபத்துமூன்றிலிருந்து பன்னிரண்டுக்குத் தாவினாள், அங்கிருந்து நூற்றுநாற்பதுக்கு. ஒரே மாதிரி இருந்த சந்துகளுக்கெல்லாம் இப்போது தனித்தனி முகம் இருந்தது. ஒன்றின் நிழலுக்குத் தொட்டிக் கழுத்து, ஒன்றுக்குக் கொடிக்கம்பி, ஒன்றுக்குப் புறாக்கூண்டு. தண்ணீர் மொண்டு கொடுத்த வீடுகளில் "வாங்க தபாலக்கா" என்று பெயரும் கிடைத்தது. இரண்டாம் மாதம் சுற்று ஒரு மணிக்கெல்லாம் முடிந்தது. மொட்டை மாடியில் ஈரத்துணி போர்த்திய வாளியைச் சுற்றி அவள் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து நர்ஸ் காய்ச்சல்மானியை எடுத்து வந்தாள்.

தேர்வு நாள் வந்தது. காலையில் கடிதக் கட்டுகளைத் தன் வழிப்படி அடுக்கி வைத்திருந்தாள். நிமிஷம் அதைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"நம்பர் வரிசை எங்கம்மா?"

"என் வழியில ஒரு தடவை வந்து பாருங்க சார்."

"வரேன். ஒரு கடுதாசி தப்பக்கூடாது. ஒரு மணி தாண்டி ஒரு நிமிஷம் ஆனாலும் எழுத வேண்டியதை எழுதிடுவேன்."

அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வானத்தைப் பார்த்தாள்.

ஒரு பொட்டு வெயில் இல்லை. கருகருவென்று மேகம் திரண்டு நின்றது. ரெண்டு மாதமாக நகரமே ஏங்கிக் கிடந்த மழை, வேறு நாள் கிடைக்காமல், இன்றைக்குப் பார்த்துக் கிளம்பி வந்திருந்தது. முடிதிருத்தும் கடையை எப்படியோ பிடித்தாள். அங்கே கடிதத்தைக் கொடுத்துத் திரும்பும்போது முதல் துளி மூக்கில் விழுந்தது. அடுத்த நொடி கொட்டோ கொட்டென்று கொட்டியது. சாத்தியே கிடந்த கதவுகள் எல்லாம் படார் படாரென்று திறந்தன. கிழவர்கள் குதித்தார்கள், மாமியாரும் மருமகளும் கைகோத்துக்கொண்டு நனைந்தார்கள். ஊரே கூத்தாடியது. அவள் ஒருத்திக்கு மட்டும் அழுகை முட்டியது.

நிழல் போனதும் பத்தொன்பது சந்தும் மறுபடி ஒரே முகத்தைக் காட்டின. இடப்பக்கம் ரெண்டு எட்டு வைத்தாள். நின்றாள். வலப்பக்கம் ரெண்டு எட்டு. நிமிஷம் குடைக்குள் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மூணு நிமிஷமா ஒரே இடத்துல நிக்கிறியே?"

மறைக்க அவளுக்குத் தெம்பில்லை. "சார், நிழல் இல்லாம எனக்கு வழி தெரியாது" என்றாள். சொல்லும்போதே அண்ணன் சாவியைத் தேடுவது கண்முன் தெரிந்தது.

அவர் என்ன சொல்லியிருப்பாரோ, அதற்குள் பின்னாலிருந்து முடிதிருத்துகிறவரின் குரல் கேட்டது. கடை வாசலில், ஒரு கையில் கத்தியோடு மழையில் நின்றுகொண்டிருந்தார்.

"தபாலக்கா! எங்க கடையில இருந்து நீங்க தையல்காரம்மா வீட்டுக்குல்ல போவீங்க? அங்க ஏன் திரும்புறீங்க?"

பாதிக் கன்னத்தில் நுரையோடு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "ரெண்டாவது சந்தும்மா, ரெண்டாவது!" என்று கை காட்டினார்.

ஓடினாள். தையல்காரம்மா முழங்கால்வரை சேலையைச் செருகிக்கொண்டு தெருநடுவில் நனைந்துகொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டே, "என்ன முழிக்கிறீங்க? தினம் இங்க நின்னு ஒரு சொம்பு தண்ணி குடிச்சுட்டு, எதிர்ச் சந்துல வாத்தியார் வீட்டுக்குப் போவீங்க. நீங்க அந்தப் பக்கம் திரும்பினாத்தான் நான் உலை வைப்பேன்" என்றாள். வாத்தியார் மாடியில் நின்று, வகுப்பு முழுவதும் கேட்கும் குரலில், "அடுத்து புறாக்கூண்டு வீடு! இடது கைப் பக்கம்! இடது எதுன்னு தெரியும்ல?" என்று கத்தினார். புறாக்கூண்டு வீட்டுக்காரர் ஒடுக்கச் சந்தைக் காட்டினார். ஒடுக்கச் சந்து அதற்கடுத்த சந்தைக் காட்டியது.

ரெண்டு மாதமாகச் சாத்திய கதவுகள் என்று அவள் நினைத்தவற்றுக்குப் பின்னால் இத்தனை பேர் அவள் எங்கிருந்து வருகிறாள், எங்கே போகிறாள் என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டாள். மெழுகுத்துணிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சந்து சந்தாக, வாசல் வாசலாக, தெறித்து ஓடினாள். பின்னால் நிமிஷம். குடை எப்போதோ காற்றில் கவிழ்ந்து ஒரு கூரையின் மேல் போய் உட்கார்ந்திருந்தது. நூறாவது வாசலில் மணிக்கட்டைக் காதருகே வைத்து உலுக்கினார்.

"நின்னுபோச்சு" என்றார். கடிகாரத்துக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதல் தடவையாக அந்த மனிதருக்கு மணி தெரியவில்லை. பாவம், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கடிதக் கட்டுகளை வாங்கிக்கொண்டு தாமும் ஓடினார்.

இருநூறாவது வாசல் முடிந்தது. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை. ரெண்டு பேரும் சொட்டச் சொட்டத் தபால் நிலையத்துக்குள் நுழைந்து, ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். மணி பன்னிரண்டு ஐம்பது.

நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றிப் பிழிந்தார். மண்டை வெயிலில் கருகி, தோல் உரிந்து உரிந்து திட்டுத் திட்டாக இருந்தது. ஸ்வெட்டரம்மா இதுவரை அதைப் பார்த்ததில்லை.

"இருபத்திரண்டு வருஷம் இதே ரவுண்டு நான் போனேன்மா" என்றார். "ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சு இருநூறு வரைக்கும். ஒரு நாளும் ஒரு மணிக்கு முன்னாடி முடிச்சதில்லை. நிழல்னு ஒண்ணு இருந்துதுன்னே இப்பத்தான் தெரியுது."

பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியதும் காகிதத்தை எடுத்து, ஈரக்கையால் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "வெயில் வந்ததும் சொல்லு. ஒரு நாள் நிழல்லயே நடந்து பார்க்கணும்" என்றார்.

அவள் ஆபீஸ் போனிலேயே அண்ணனைக் கூப்பிட்டாள். மூச்சு இன்னும் இரைத்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா? கிளம்பிட்டியா?" என்று பதறினார் அண்ணன்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைண்ணா. அந்த ரூமைத் திறந்துடு. பிள்ளைங்க படிக்கட்டும்."

அந்தப் பக்கம் அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, விடமாட்டாதவராக, "அங்க மழையாமே? அதான் தெம்பாப் பேசுறே" என்றார்.

"பாழாப்போன மழைண்ணா, வழியே தெரியலை!" என்று அவள் காலை உதறிச் சிரித்தாள். "நாளைக்கு நல்லா வெயில் அடிக்குமாம்."