சிதறால் மலையில் அப்பா பேசிய ஸ்பானிஷ்

அப்பாவுக்குச் சொகுசுக் கப்பலில் உணவு பரிமாறும் வேலை. வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில் இருப்பார், இருந்தாலும் பேசமாட்டார். ஞாயிறு ஆராதனைக்குப் போனால் சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டுக்கு உதட்டை மட்டும் அசைப்பார். விருந்தாளிகள் வந்தால் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துப் பக்கம் நழுவிவிடுவார். அவர் பேச்சையெல்லாம் கப்பலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார் என்று அத்தை கேலி செய்வாள். அது எவ்வளவு உண்மை என்பது அவளுக்கே தெரியாது.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, ஒரு விடுப்பில் அம்மாவையும் என்னையும் சிதறால் மலைக்குக் கூட்டிப்போனார். மேலே, பாறைக் கோயிலுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்காரர்கள் சிலர் நின்றிருந்தார்கள். அவர்களோடு வந்த ஒரு வயதான பெண்மணி தனியே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் மற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். அவர்கள் பேச்சு காதில் விழுந்ததும் அப்பா நின்றார். பிறகு நேராக அவளிடம் போய்க் குனிந்து, "கோமோ எஸ்தா, சென்யோரா?" என்று ஸ்பானிஷில் நலம் விசாரித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். நிறுத்தாமல் பேசினார். கைகளை விரித்தார், தோளைக் குலுக்கினார், அவள் அழுதபடி சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டார். கடைசியில் அவர் ஏதோ சொல்ல, அவள் சிரித்துவிட்டாள். அப்பாவும் சிரித்தார். அவ்வளவு பெரிய சிரிப்பு அவருக்குள் இருந்தது எனக்குத் தெரியாது.

பிறகு எழுந்து அவளிடம் கையை நீட்டி, "பைலாமோஸ்?" என்றார்.

கூட வந்தவர்களில் ஒருவர் மெல்லக் கைதட்டித் தாளம் போட்டார். வெறுங்காலோடு அந்தப் பாறைமேல் இருவரும் ஆடினார்கள். அவள் தடுமாறும்போதெல்லாம் அதுவும் ஆட்டத்தில் ஓர் அடிதான் என்பதுபோல் அப்பா அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார். மூச்சுவிட்டால் அவர் பழைய அப்பாவாகிவிடுவாரோ என்று பயந்து நான் அசையாமல் நின்றேன்.

இறங்கும்போது அம்மா கேட்டாள்: "அவியகிட்ட என்ன கேட்டிய?"

"ஆடுவோமான்னு கேட்டேன். கெட்டுன மாப்பிள தவறின பிறவு அவியள யாரும் ஆடக் கூப்பிடலியாம், பாவம்."

நான் விடவில்லை. பைலோ என்றால் நான் ஆடுகிறேன், பைலாஸ் என்றால் நீ ஆடுகிறாய் என்று அப்பா சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் ஒரு குதி குதித்தேன். அம்மா பாதையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"என்னட்ட ஒருநாளும் இப்படியொண்ணு கேட்டதில்லியே."

அப்பாவைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பென்று தோன்றியது. "அம்மாக்கு ஸ்பானிஷ் தெரியாதுல்லா" என்றேன்.

அப்பா நின்றார். எந்த மொழியிலும் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கையை நீட்டினார். அம்மா பாதையில் மேலும் கீழும் பார்த்தாள், யாரும் வரவில்லை. அந்தக் கையைப் பிடித்தவள் அடிவாரம் வரை விடவில்லை. பாதை வழுக்குகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நானும் காலைக் கவனமாக ஊன்றி அவர்கள் பின்னால் இறங்கினேன்.