வெந்துபோன வெள்ளை

அலை பாறையில் மோதியபோது குன்வோரின் பற்கள் கடகடத்தன. நுரை நாற்பது அடி எழும்பி, அப்படியே அறைந்து விழுந்தது.

அவள் இடுப்பில் கயிறு. இருபது அடி பின்னால் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு அண்ணன் ஓஸ்முண்ட். பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு, லொஃபோட்டன் தீவுகளின் மீன் கொட்டகையில் காட் மீனுக்குத் தலையறுக்கப் போனவள் அவள். இருபத்தாறு வருடமாக அறுக்கிறாள். புயல் நாட்களில் மட்டும் இந்த முனைக்கு வந்து கடலைப் படம் எடுப்பாள். அண்ணனும் தங்கையும் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படம். ஒவ்வொன்றுக்கும் ஃபிலிமை நகர்த்த அவள் கைப்பிடியைச் சுழற்றுவாள், அவன் எண்ணுவான். பன்னிரண்டு முடிந்ததும் கயிற்றை இழுப்பான், வீடு திரும்புவார்கள்.

2004 பிப்ரவரியில் அவள் கையில் புது டிஜிட்டல் கேமரா இருந்தது. காலண்டர் அச்சிடும் வேகார்ட் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்: "ஃபிலிமைக் கழுவி அனுப்பற கதையெல்லாம் வேண்டாம்மா. நாளைக்குக் காலைல படம் என் கம்ப்யூட்டர்ல இருக்கணும். நல்லா வந்தா அட்டைப்படம் உனக்கு, வருஷம் பூரா வேலையும் உனக்குத்தான்." அது கிடைத்தால் மீன் கத்தியைக் கீழே வைத்துவிடலாம்.

சுழற்ற எதுவும் இல்லாததால் ஓஸ்முண்ட் அலைகளை எண்ணினான். பன்னிரண்டாவது அலையில் கயிற்றைச் சுண்டி இழுத்தான்.

அவள் கேமராவின் பின்திரையைப் பார்த்தாள். பழைய பழக்கத்தில் கறுத்த பாறைக்கு ஏற்றபடி வெளிச்ச அளவைக் கூட்டி வைத்திருந்தாள். இருட்டைக் காப்பாற்றினால் போதும், வெள்ளையை ஃபிலிம் எப்படியும் தாங்கிக்கொள்ளும். இந்தக் கேமரா தாங்கவில்லை. எல்லாப் படத்திலும் பாறை அழகாக இருந்தது. அலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் சுண்ணாம்பு.

ஃபிலிமாக இருந்தால் இது தெரிய ஒரு வாரம் ஆகியிருக்கும். தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பாள்.

"வாடி, போதும்!"

"வெள்ளையெல்லாம் வெந்துபோச்சுண்ணே! இன்னும் ஒண்ணே ஒண்ணு!"

"ஒண்ணாவது மண்ணாவது! அதுல இன்னும் எத்தனை எடுக்கலாம்?"

"இருநூறு!"

"இருநூறா? அப்ப உன் பொணத்தையும் நீயே எடுத்துக்க!"

அவன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். அவள் கால் வழுக்கி முகம் குப்புற விழுந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வாய்க்குள் ஒழுகியது. அவன் ஓடிவந்து கன்னத்தில் ஓங்கி அறைந்தான்.

"சாகறதுக்கா உன்னைக் கூட்டிட்டு வந்தேன், மூதி!"

அவள் பக்கத்தில் கிடந்த கேமரா முக்காலியை எடுத்து வீசினாள். அது அவன் வாயில் விழுந்தது. முன்பல் தெறித்தது. அவன் வாயைப் பொத்திக் குனிந்த நேரத்தில் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு முன்னால் தவழ்ந்தாள்.

இம்முறை வெள்ளைக்காக வெளிச்சத்தைக் குறைத்தாள். பாறை எக்கேடும் கெடட்டும். அலை எழுந்தது. அழுத்தினாள். அடுத்த நொடி அலை அவளைத் தூக்கிப் பாறையில் அடித்தது. உலர்ந்த மீனை முறிப்பதுபோல வலது மணிக்கட்டு முறிந்தது. கடல் திரும்ப இழுத்தபோது ஓஸ்முண்ட் அவள் தலைமுடியைப் பற்றினான். ரத்தம் துப்பிக்கொண்டே இழுத்துக் கரை சேர்த்தான்.

உப்புத் தண்ணீர் புகுந்து கேமரா செத்துவிட்டது. உள்ளிருந்த மெமரி கார்டு மட்டும் பிழைத்தது. வீட்டில் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தார்கள்.

"அடுப்புக்கரி மாதிரி இருக்கு. இதுக்கா என் பல்லு போச்சு?" என்றான்.

பாறை கரிதான். ஆனால் நுரையில் ஒவ்வொரு இழையும் நரம்புபோலத் தனித்தனியாகத் தெரிந்தது. ஒற்றைக் கையால் அனுப்பினாள்.

மறுநாள் வேகார்ட் தொலைபேசியில் சிரித்தான். "பாறையைக் கொஞ்சம் வெளுத்துக்கலாம், விடு. அலை மேல வந்து விழற மாதிரி இருக்கு. அட்டைப்படம் உனக்குத்தான்."

ஓஸ்முண்ட் வீங்கிய வாயின் ஒரு ஓரமாக மீன் சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"இனி என்னைக் கூப்பிடாதே."

"சரிண்ணே."

அந்தச் 'சரி' அவனுக்குப் பொறுக்கவில்லை. கிண்ணத்தைச் சுவரில் எறிந்து உடைத்துவிட்டு வெளியே போனான். குன்வோர் சிதறிய துண்டுகளைக் காலால் ஒதுக்கிவிட்டு, கொட்டகை முதலாளிக்கு இடது கையால் ராஜினாமா எழுத உட்கார்ந்தாள்.