சாவியை வெட்டியது நான்

சாவிக்காரம்மா என்றால் அந்தக் கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். பூட்டுப் பழுது பார்ப்பது புருஷன். சாவி வெட்டுவது இவள். இடது கைக்காரி. இவள் அரம் போட்டால் சாவிப் பல்லில் கீறல்கள் எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும். அசல் சாவியைக் கொண்டுவந்தால் வெட்டித் தருவாள். சோப்பில் அச்செடுத்து வருகிறவனை விரட்டிவிடுவாள். யார் வீட்டுச் சாவி என்று கேட்பதில்லை.

பேருந்து நிலையத்தில் குண்டு வெடித்துப் பலர் செத்தார்கள். குண்டு செய்த அறையின் சாவியில் இவர்கள் கடை முத்திரை இருந்தது. போலீசார் புருஷனைக் கொண்டுபோனார்கள். குற்றச்சாட்டு எதுவும் இல்லை, தடுப்புக் காவல் என்றார்கள். ஒரு வருஷம் ஓடிவிட்டது.

காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தாள்.

“சார், அந்தச் சாவியை வெட்டினது நான். கீறலைப் பாருங்க, தெரியும்.”

“வழக்குன்னு ஒண்ணு இருந்தாத்தானேம்மா சாட்சி சொல்ல முடியும்?”

“அப்ப வழக்குப் போடுங்க.”

“விசாரணை நடக்குது.”

எதிர்க்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. “ஊர்ப் பூட்டையெல்லாம் திறக்கிறே, புருஷனைத் திறக்க முடியலையாக்கும்?”

“துவாரம் இருக்கிற பூட்டாக் காட்டுங்க அண்ணே, திறக்கிறேன்.”

புருஷனை விடச் சொல்லி மனுப் போட ஒரு வக்கீலம்மாவிடம் போனாள். அவர் தயங்கினார். “நீங்க வெட்டினதுன்னு மனுவில எழுதினா உங்களையும் உள்ளே தள்ளலாம். பிள்ளையை யார் பார்க்கிறது?”

“அக்கா பார்த்துப்பா. எழுதுங்க மேடம். குண்டு வச்சவனை என்ன வேணா செய்யட்டும், நான் குறுக்கே வரமாட்டேன். இவர் என்ன செஞ்சார்னு யாராவது வாயைத் திறந்து சொல்லணும்.”

நீதிமன்றத்தில் அரசு வக்கீல் நாட்டின் பாதுகாப்பு என்று சொல்லி மறுபடி அவகாசம் கேட்டார். நீதிபதி, சாட்சிக் கூண்டில் நின்ற இவள் பக்கம் திரும்பினார். “மனுவில இருக்கிறதையே சொல்றீங்களா? யோசிச்சுச் சொல்லுங்கம்மா.”

“யோசிச்சாச்சுங்க ஐயா. சாவி வெட்டினது குத்தம்னா ஆள் நான், இதோ நிக்கிறேன். குத்தம் இல்லேன்னா அவரை விடுங்க. எதுவானாலும் இன்னிக்கே சொல்லுங்க, கடை பூட்டிக் கிடக்கு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அரசு வக்கீலிடம், “அவர் செய்த குற்றம் என்ன?” என்று கேட்டார்.

வக்கீல் காகிதக் கட்டைப் புரட்டினார். “அவகாசம் கொடுத்தால்...” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்தார்.

“பதில் சொல்லிவிட்டு உட்காருங்கள்.”

அவர் நின்றார். சாவிக்காரம்மாவும் கூண்டை விட்டு இறங்கவில்லை.