வரப்பை விட்டு எழுதிய விடை

அவளுடைய கணக்கு நோட்டு இன்னும் என் மேஜை டிராயரில்தான் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் பெருக்கல் குறி. அத்தனையும் நான் போட்டவை. ஐம்பது மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலமுள்ள வயலின் பரப்பளவு என்ன என்பது முதல் கணக்கு. வகுப்பே ஆயிரத்து ஐந்நூறு என்று எழுதியபோது, அவள் மட்டும் ஆயிரத்து நானூற்று இருபத்தொன்று என்று எழுதியிருந்தாள். வேலிக் கணக்கிலும் மூன்று மீட்டர் குறைவு. "பத்தாவது வந்தும் பெருக்கத் தெரியாதா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். வகுப்பு சிரித்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நீடாமங்கலத்துப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளி அது. நானோ கும்பகோணம் கடைத்தெருவில் வளர்ந்தவன். வயலைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. பெற்றோர் கூட்டத்துக்கு வந்த அவள் அம்மாவிடம், "இவளுக்குக் கணக்கு வராதும்மா, பாஸாகறதே கஷ்டம்" என்று கூசாமல் சொன்னேன். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று அந்த அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு போனார். காலாண்டு லீவு முடிந்து அவள் வரவில்லை. சித்தியோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டதாகப் பிள்ளைகள் சொன்னார்கள்.

இரண்டு வாரம் கழித்து டி.சி. வாங்க அவள் அம்மா வந்தார். நடவு வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், புடவை ஓரமெல்லாம் சேறு. நோட்டைக் கொடுக்கப் போனவன், என் பக்கம்தான் நியாயம் என்று காட்டும் வீம்பில் முதல் கணக்கை வாசித்துக் காட்டினேன், அவள் விடையையும் சேர்த்து. அம்மா விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.

"சுத்திவர அரை மீட்டர் வரப்ப விட்டுட்டு சொல்லிருக்கா சார். வரப்புல எங்க நடவு நடுறது?"

நாற்பத்தொன்பதை இருபத்தொன்பதால் பெருக்கிப் பார்த்தேன். ஆயிரத்து நானூற்று இருபத்தொன்று. வேலிக் கணக்கையும் அம்மாவிடம் கேட்டேன். அதில் விட்ட மூன்று மீட்டர், டிராக்டர் உள்ளே போக வழியாம். அட பாவி, ஒரே ஒரு தடவை 'எப்படிம்மா இந்த விடை வந்துச்சு?' என்று கேட்டிருந்தால் போதுமே! அந்த அம்மா எதிரில் நிமிர்ந்து உட்காரக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தச் சிவப்புக் குறிகளோடு நோட்டை நீட்ட மனம் வராமல் டிராயரிலேயே வைத்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தப்பான விடையைக் கண்டால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். பிள்ளையைப் பக்கத்தில் கூப்பிட்டு, வந்த வழியைச் சொல்லச் சொல்கிறேன். பயிற்சி வகுப்புகளில் இதை நல்ல கற்பித்தல் உத்தி என்று பாராட்டுகிறார்கள். உத்தியாவது மண்ணாவது. ஒரு பெண்ணின் படிப்பைக் காவு கொடுத்துவிட்டுக் கற்றுக்கொண்டது இது.

டி.சி. வாங்க வந்த அன்றைக்கே, அவள் அம்மாவின் போனில் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் மெஷின் சத்தம்.

"வரப்ப விட்டுட்டுத்தான் போட்டேன்னு அன்னைக்கே ஏம்மா சொல்லல?"

"வரப்பு இல்லாத வயல் ஏது சார்? உங்களுக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். தெரிஞ்சும் தப்புன்னு போடுறீங்களே, அப்ப எனக்குத்தான் கணக்கு வரலன்னு..."

"தப்பு என்னோடதும்மா. நீ திரும்பி வந்துடு" என்றேன். அதற்குள் அங்கே யாரோ அவளை அதட்டிக் கூப்பிட்டார்கள். "வச்சிடறேன் சார்" என்றாள். அவள் வரவே இல்லை.